அடுக்ககப் பராமரிப்பு: பாடியில் குடியிருப்போர் அறிய வேண்டிய சொற்கள்

கட்டடப் பராமரிப்பு வேலைகள் மூன்று வகைப்படும். பழுது வந்த பிறகு ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்வது பிரேக்டவுன் மெயின்டனன்ஸ். பழுது வருமுன்பே, குறித்த மாதத்தில் குறித்த பாகத்தைப் பார்த்து, சுத்தம் செய்து, தேய்ந்ததை மாற்றுவது பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ், அதாவது முன்தடுப்புப் பராமரிப்பு. சத்தம், சூடு, அதிர்வு, கசிவு ஆகிய அறிகுறிகளைக் கவனித்து, அந்தப் பாகம் இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்று கணித்து வேலை வைப்பது மூன்றாவது வகை. முதல் வகையில் செலவு அதிகம். அவசரத்தில் கூலியும் கூடும், பொருளின் தரத்தைப் பார்க்க நேரமும் இருக்காது.

பாடிக்கு இந்தச் சொற்கள் புதியவை அல்ல. 1960-களின் தொடக்கத்தில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன் போன்ற ஆலைகள் இங்கே எழுந்தன. சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தர மேலாண்மைக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசை 1998-இல் பெற்றது. இந்தியாவில் அந்தப் பரிசை முதலில் வென்றது அதுவே. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் அட்டவணை வைத்து எண்ணெய் விடுவதும், தேய்மானத்தைப் பதிவேட்டில் குறிப்பதும் இத்தகைய ஆலைகளின் அன்றாட ஒழுங்கு. தூண் தளத்துக்கு மேல் மூன்று மாடி, பன்னிரண்டு வீடு, ஒரு சம்ப், ஒரு லிஃப்ட் என்று நிற்கும் பாடி, கொரட்டூர், முகப்பேர் அடுக்ககங்களுக்கும் அதே ஒழுங்கு பொருந்தும். அதற்கு முதல் தேவை, கட்டடத்தின் பாகங்களையும் பழுதுகளையும் பெயர் சொல்லிக் கேட்கத் தெரிவது. பெயர் தெரிந்தால் எந்த ஆளைக் கூப்பிடுவது, கொட்டேஷனில் எதைச் சரிபார்ப்பது என்பது தெரியும்.

தூண், பீம், தளம்

இன்றைய அடுக்ககங்கள் பெரும்பாலும் ஃப்ரேம் கட்டடங்கள். தளத்தின் எடையைப் பீம் வாங்கித் தூணுக்குக் கொடுக்கிறது. தூண் அதை அஸ்திவாரத்துக்குக் கொண்டுசேர்க்கிறது. இடையில் உள்ள செங்கல் சுவர் மறைப்புக்காக எழுப்பப்பட்டது. பழைய தரைத்தள வீடுகளில் சுவரே கூரையைத் தாங்கும். அதற்கு லோடு பேரிங் சுவர் என்று பெயர். ஏ.சி. குழாய்க்கு ஓட்டை போடுவதற்கோ, சமையலறையை விரிக்கச் சுவரை இடிப்பதற்கோ முன், அந்தச் சுவர் எந்த வகை என்று ஒரு சிவில் பொறியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தூணையும் பீமையும் எந்தக் காரணத்துக்காகவும் வெட்டக் கூடாது.

காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையே உள்ள காங்கிரீட் கனத்துக்குக் கவர் என்று பெயர். தளத்துக்குக் குறைந்தது 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40 மில்லிமீட்டர் என்பது பொதுவான அளவு. கம்பி கட்டும்போது அடியில் வைக்கும் சிறு கல்தான் கவர் பிளாக். கவர் குறைந்த இடத்தில் ஈரமும் காற்றும் கம்பியை எட்டிவிடும். துரு ஏறிய கம்பி பருத்து, காங்கிரீட்டை உள்ளிருந்து தள்ளும். முதலில் கம்பியின் போக்கிலேயே நீளமான விரிசல் தெரியும். பிறகு துண்டு துண்டாகப் பெயர்ந்து விழும். இதற்கு ஸ்பாலிங் என்று பெயர். சன்ஷேடு, பால்கனியின் அடிப்பகுதி, தண்ணீர்த் தொட்டியின் அடித்தளம் ஆகியவற்றில் இதை முதலில் பார்க்கலாம்.

பெயர்ந்த இடத்தில் சிமென்ட் கலவையை அப்பி வர்ணம் அடிப்பது பழுதை மறைக்குமே தவிர, தீர்க்காது. தளர்ந்த காங்கிரீட்டை முழுவதும் கொத்தி எடுத்து, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பழைய காங்கிரீட்டில் புதியது ஒட்டுவதற்கான பசைப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்புவதே சரியான வரிசை. கம்பி பாதியாகத் தேய்ந்திருந்தால் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். தூணைச் சுற்றிப் புதுக் கம்பியும் காங்கிரீட்டும் போட்டு வலுவூட்டுவது ஜாக்கெட்டிங். கொட்டேஷனில் இந்தப் படிகள் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

விரிசல் எல்லாம் ஆபத்தானவை அல்ல. மயிரிழை போலப் பூச்சில் மட்டும் ஓடுவது ஹேர்லைன் விரிசல். வர்ணம் அடிக்கும்போது பட்டி பார்த்து மூடிவிடலாம். தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக வரும் விரிசல், இரண்டு பொருள்களும் வெயிலில் வெவ்வேறு அளவு விரிவதால் வருவது. அங்கே கம்பி வலை வைத்துப் பூச வேண்டும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கி, நாளுக்கு நாள் அகலும் விரிசல்தான் கவலைக்குரியது. அஸ்திவாரம் ஒருபக்கம் இறங்குவதன் அடையாளமாக அது இருக்கலாம். விரிசல் வளர்கிறதா என்று அறிய, அதன் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வைப்பார்கள். கண்ணாடி உடைந்தால் கட்டமைப்புப் பொறியாளரை அழைக்க வேண்டும்.

தரையை ஒட்டிய சுவரில் வர்ணம் உப்பி, வெள்ளையாக உப்புப் பூத்தால் அது ஓதம். நிலத்து ஈரம் செங்கல் வழியாக மேலேறுவதால் வருகிறது. இதைத் தடுக்க அடிச்சுவரின் மேல் போடும் நீர்புகா அடுக்குக்கு டி.பி.சி. என்று பெயர். அது இல்லாத சுவரில் எத்தனை முறை வர்ணம் அடித்தாலும் உரியும். சுவரில் துளையிட்டு நீர்விலக்கி ரசாயனம் செலுத்துவது ஒரு தீர்வு.

மொட்டைமாடியும் கசிவும்

சென்னையின் மொட்டைமாடிகளில் காங்கிரீட் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துப் போட்ட அடுக்கும், அதன் மேல் தட்டோடும் இருக்கும். இரண்டும் சேர்ந்தது வெதரிங் கோர்ஸ். வெயிலின் சூட்டைக் குறைப்பது, மழைநீர் வடிகுழாயை நோக்கி ஓடச் சரிவு கொடுப்பது ஆகிய இரண்டு வேலைகளை அது செய்கிறது. தட்டோட்டின் இடுக்குப் பூச்சு பெயர்ந்தால், நீர் ஜல்லி அடுக்கில் இறங்கித் தங்கிவிடும். மழை நின்று பல நாள் கழித்தும் கூரை சொட்டுவதற்கு இதுவே காரணம்.

கசிவைக் கண்டால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எப்போது கசிகிறது என்பது. மழைக்காலத்தில் மட்டும் என்றால் மொட்டைமாடியிலோ வெளிச்சுவரிலோ பழுது. இரவு பகல், மழை வெயில் என்று பாராமல் ஒரே அளவில் கசிந்தால், எப்போதும் அழுத்தத்தில் நீர் நிற்கும் குடிநீர்க் குழாயில் உடைப்பு. மேல்வீட்டில் குளிக்கும்போது மட்டும் என்றால் கழிவுக் குழாயிலோ தரை டைல்ஸின் இடுக்கிலோ ஓட்டை. குளியலறைத் தளத்தைச் சுற்றியுள்ள தளத்தைவிடத் தாழ்த்திப் போட்டு, குழாய்களை அந்தப் பள்ளத்தில் பதித்திருப்பார்கள். அதற்கு சங்கன் ஸ்லாப் என்று பெயர். அந்தப் பள்ளத்தில் நீர் தேங்கினால் கீழ்வீட்டுக் கூரை வியர்க்கும். மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சண்டையிடுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

மாடியில் வடிகுழாய் வாயை அடைத்து, ஓரிரு அங்குல நீரை 24 முதல் 48 மணி நேரம் தேக்கி, கீழே கசிகிறதா என்று பார்ப்பது பாண்டிங் டெஸ்ட். வாட்டர்புரூஃபிங் வேலை முடிந்ததும் இந்தச் சோதனை நடந்த பிறகே கடைசித் தவணையைத் தர வேண்டும். பிரஷ்ஷால் அடிக்கும் அக்ரிலிக் பூச்சு மலிவு; சில ஆண்டுகளில் மீண்டும் அடிக்க வேண்டும். பாலியூரித்தேன் பூச்சு ரப்பர்போல நீண்டு சுருங்கும்; விலை அதிகம். தாளைப் போலச் சூடாக்கி ஒட்டுவது மெம்பிரேன். எதைப் போட்டாலும், தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையைச் சாய்வாகப் பூசி, பூச்சைச் சுவரில் ஓர் அடி உயரமாவது ஏற்றாவிட்டால் நீர் அந்த மூலை வழியே இறங்கும்.

சம்ப் முதல் குழாய் வரை

மெட்ரோ வாட்டர், லாரி, போர் ஆகிய மூன்றிலிருந்தும் வரும் நீர் தரைக்கடியில் உள்ள சம்ப்பில் சேர்ந்து, மோட்டார் மூலம் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது கட்டட வடிவமைப்பில் கொள்ளும் இந்தியத் தர அளவு. பன்னிரண்டு வீட்டில் 48 பேர் இருந்தால் நாளுக்கு 6,480 லிட்டர் தேவை. ஒரு 9,000 லிட்டர் லாரி ஒன்றரை நாள்கூட முழுதாக வராது. குடியிருப்போர் இந்தக் கணக்கைத் தெரிந்துவைத்தால் தண்ணீர்ச் செலவின் பட்டியலைச் சரிபார்க்க முடியும்.

சம்ப் மோட்டாரின் உறிஞ்சு குழாயின் அடியில் இருப்பது ஃபுட் வால்வு. மோட்டார் நின்றதும் குழாயில் உள்ள நீர் கீழே இறங்காமல் அது பிடித்துவைக்கும். அதில் குப்பை சிக்கினால் குழாயில் காற்று புகுந்து, மோட்டார் ஓடியும் நீர் ஏறாது. இதுதான் ஏர் லாக். குழாயில் நீர் ஊற்றி நிரப்பி மீண்டும் ஓடவிடுவது பிரைமிங். நீரில்லாமல் ஓடும் மோட்டாரின் சீல் சூட்டில் பழுதாகி, காயில் எரிந்துபோகும். அதைத் தடுக்கும் சிறு கருவி டிரை ரன் பாதுகாப்பு. போர் குழாய்க்குள்ளேயே மூழ்கி இயங்குவது சப்மெர்சிபிள் பம்ப். மேலேயிருந்து காற்றை அழுத்தி நீரை வெளியேற்றுவது கம்ப்ரசர். நீர் குறைவாக ஊறும் போருக்கு அது ஏற்றது.

ஒரு எச்.பி. என்பது 746 வாட். ஒன்றரை எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் 1.1 யூனிட்டுக்குக் குறையாமல் செலவாகும். தொட்டி நிரம்பும் நேரம் வழக்கத்தைவிடக் கூடினால் ஃபுட் வால்வோ இம்பெல்லரோ தேய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். வால்வுகளில் கேட் வால்வு சக்கரத்தைத் திருப்பி மூடுவது. பால் வால்வு கைப்பிடியைக் கால்வட்டம் திருப்பினாலே மூடுவது. நான்-ரிட்டர்ன் வால்வு நீரை ஒரே திசையில் மட்டும் விடுவது. மிதவை வால்வு தொட்டி நிரம்பியதும் தானே அடைப்பது. ஒவ்வொரு வீட்டுக்கும் போகும் குழாயில் எந்த வால்வு எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்து மாடிப்படி அருகே ஒட்டிவைத்தால், குழாய் உடைந்த இரவில் கட்டடம் முழுவதற்கும் நீரை நிறுத்த வேண்டியிராது.

நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு டி.டி.எஸ். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி என்கிறது இந்தியத் தரம். டி.டி.எஸ். குறைவாக இருப்பதாலேயே நீர் சுத்தமானது ஆகாது. கழிவுநீர் கலந்திருக்கிறதா என்பதைக் கிருமிச் சோதனைதான் சொல்லும்.

கழிவுநீர்

பாடி, அம்பத்தூர் நகராட்சியிலிருந்து 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்த பகுதி. அம்பத்தூர் மண்டலத்தைச் சேர்ந்தது. பழைய கட்டடங்கள் பல செப்டிக் டேங்க்கை நம்பிக் கட்டப்பட்டவை. அதில் திடக்கழிவு அடியில் தங்கி மக்கும். தெளிந்த நீர் உறிஞ்சுகுழிக்குப் போகும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அடிச்சேற்றை லாரி மூலம் எடுக்காவிட்டால், சேறு உறிஞ்சுகுழிக்குள் புகுந்து அதை அடைத்துவிடும். பாதாளச் சாக்கடை இணைப்பு வந்த பிறகு பழைய தொட்டியைக் காலிசெய்து, மணல் நிரப்பி மூட வேண்டும்.

கழிப்பறைக் கழிவு இறங்கும் குழாய் சாயில் பைப். குளியலறை, சமையலறை நீர் இறங்குவது வேஸ்ட் பைப். குளியலறைத் தரையில் சல்லடை மூடியுடன் இருப்பது நஹானி டிராப். அதன் வளைவில் எப்போதும் நிற்கும் நீர், சாக்கடைக் காற்றையும் பூச்சிகளையும் தடுக்கிறது. ஊருக்குப் போய்த் திரும்பிய வீட்டில் நாற்றம் வந்தால் அந்த நீர் வற்றியிருக்கும். ஒரு குவளை நீர் ஊற்றினால் போதும். குழாயின் மேல்முனை மாடிக்கு மேலே நீண்டு நிற்பது வென்ட் பைப். சாக்கடைக் காற்று அதன் வழியே வெளியேறும். மாடியில் குழாய் தொந்தரவாக இருக்கிறது என்று அதை வெட்டி அடைத்தால், கழிப்பறையில் நீர் விட்டதும் மற்ற வீடுகளின் டிராப்பில் குமிழி கிளம்பும்.

வேஸ்ட் பைப் தரையில் சேரும் சிறு தொட்டி கல்லி டிராப். குழாய்கள் திரும்பும் இடத்திலும் கூடும் இடத்திலும் இருக்கும் சதுரத் தொட்டி சேம்பர். தெருவில் மெட்ரோ வாட்டரின் பொறுப்பில் இருப்பது மேன்ஹோல். கட்டடத்தின் கடைசிச் சேம்பர் வரை பொறுப்பு குடியிருப்போருடையது. தெரு மேன்ஹோல் நிரம்பி வழிந்தால் மெட்ரோ வாட்டரை 1916 என்ற எண்ணில் அழைக்கலாம். சேம்பர் அடைப்புக்கு ஆளை உள்ளே இறக்குவதை எந்த அடுக்ககமும் செய்யக் கூடாது. பாதுகாப்புக் கருவியின்றிச் சாக்கடையிலும் செப்டிக் டேங்க்கிலும் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. உள்ளே தேங்கும் விஷவாயு சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கும். இயந்திரத்தையும் உறிஞ்சு லாரியையும் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

மழைநீர்

2,400 சதுர அடி மொட்டைமாடியில் ஒரே நாளில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 22,000 லிட்டர் நீர் விழும். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். வடிகுழாய் நீரை, கூழாங்கல், ஜல்லி, மணல் அடுக்கிய வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றுக்கோ மீளூட்டல் குழிக்கோ விடுவதே அதன் அமைப்பு. மேல் மணலில் சகதி படிந்தால் நீர் இறங்காது. ஆண்டுக்கொருமுறை மணலை எடுத்துக் கழுவிப் போட வேண்டும். மழைநீர்க் குழாயைக் கழிவுநீர்ச் சேம்பரில் சேர்ப்பது தவறு. கனமழையில் அந்தச் சேம்பர் நிரம்பி, கீழ்த்தளக் கழிப்பறை வழியே நீர் திரும்பி மேலெழும்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அம்பத்தூர், கொரட்டூர் வட்டாரத்தில் நீர் தேங்கியது. இங்குள்ள கட்டடங்களில் சம்ப் மூடியைத் தரைக்கு மேல் ஓர் அடிக்குக் குறையாமல் உயர்த்திக் கட்டுவதும், மின்மீட்டர் பலகையைத் தேங்கும் மட்டத்துக்கு மேலே வைப்பதும் கட்டாயத் தேவைகள். வெள்ளநீர் சம்ப்பில் புகுந்தால், முழுவதும் இறைத்து, தேய்த்துக் கழுவி, குளோரின் மருந்திட்ட பிறகே பயன்படுத்த வேண்டும்.

மின்சாரம்

மூன்று ஃபேஸ் இணைப்பில் ஒரு ஃபேஸ் போனால் கட்டடத்தின் சில வீடுகளில் மட்டும் விளக்கு எரியாது. எம்.சி.பி. அளவுக்கு மீறிய மின்னோட்டத்தில் விழுந்து, ஒயரை எரியாமல் காக்கும். ஆர்.சி.சி.பி. மின்னோட்டம் மனித உடல் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ கசிந்தால் உடனே துண்டிக்கும். வீட்டுக்குரியது 30 மில்லியாம்பியர் அளவுடையது. அதன் முகப்பில் ‘டி’ என்று குறித்த பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும். விழாவிட்டால் மாற்ற வேண்டும். அடிக்கடி விழுகிறது என்று அதை எடுத்துவிட்டு நேரடி இணைப்பு கொடுப்பது உயிரோடு விளையாடுவது. எர்த் என்பது கசியும் மின்சாரத்தை நிலத்துக்கு இறக்கும் பாதை. கோடையில் எர்த் குழியில் ஈரம் குறையாமல் பார்க்க வேண்டும். மாடிப்படி விளக்கு, மோட்டார், லிஃப்ட் ஆகியவற்றுக்கான பொது இணைப்பின் கட்டணம் எல்லோருக்கும் பங்கு. மின்தடைப் புகாருக்கு மின்னகம் எண் 94987 94987.

லிஃப்ட், தீயணைப்பு

லிஃப்ட் அளவுக்கு மீறிய வேகத்தில் இறங்கினால் அதை உணரும் கருவி கவர்னர்; உடனே தண்டவாளத்தைக் கவ்விப் பெட்டியை நிறுத்துவது சேஃப்டி கியர். மின்சாரம் போனதும் பாட்டரியில் அருகிலுள்ள தளத்துக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறப்பது ஏ.ஆர்.டி. பெட்டிக்கு அடியிலுள்ள பள்ளம் பிட். மழையில் அதில் நீர் புகும் என்று தெரிந்தால், பெட்டியை மேல்தளத்தில் நிறுத்தி மெயினை அணைத்துவிட வேண்டும். லிஃப்ட்டை இயக்க மின் ஆய்வுத் துறையின் உரிமம் வேண்டும். மின்சாரத் தீக்கும் எண்ணெய்த் தீக்கும் நீரைப் பயன்படுத்தக் கூடாது; ஏ.பி.சி. பவுடர் அணைப்பான் இரண்டுக்கும் பொருந்தும். அதன் அழுத்த முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஒப்பந்தமும் பணமும்

ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமான ஏ.எம்.சி. இரண்டு வகை. காம்ப்ரிஹென்சிவ் என்றால் உதிரி பாகமும் சேர்த்தி. நான்-காம்ப்ரிஹென்சிவ் என்றால் வந்து பார்க்கும் கூலி மட்டும், பாகத்துக்குத் தனிக் காசு. ‘காம்ப்ரிஹென்சிவ்’ என்று எழுதிவிட்டு, கயிறு, மோட்டார், கன்ட்ரோல் போர்டு நீங்கலாக என்று கடைசிப் பக்கத்தில் சேர்த்திருக்கலாம். விலக்குப் பட்டியலைப் படித்த பிறகே கையெழுத்திட வேண்டும். பூச்சு, வர்ணம் போன்ற வேலைகளில் லேபர் ரேட் கூலி மட்டும். வித் மெட்டீரியல் பொருளும் சேர்ந்தது. வேலை நன்றாக நிற்கிறதா என்று பார்க்க ஒரு பங்கைச் சில மாதம் நிறுத்திவைப்பது ரிட்டென்ஷன்.

மாதாமாதம் வசூலிப்பது மெயின்டனன்ஸ். அன்றாடச் செலவுக்கு உரியது. ஒருமுறை சேர்த்து வங்கியில் வைப்பது கார்பஸ் நிதி. வர்ணம், லிஃப்ட் மாற்றம், காங்கிரீட் பழுது போன்ற பெரிய வேலைக்கு உரியது. ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய பிரிபடாத நிலப்பங்கு யு.டி.எஸ். மாடிப்படி, மொட்டைமாடி, சம்ப், லிஃப்ட் ஆகியவை பொதுப் பகுதி. எந்த ஒரு வீட்டாருக்கும் தனியுரிமை இல்லை. புதிதாக வாங்கியவர் அறிய வேண்டிய இன்னொன்று: 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, அதன் கீழ் வரும் திட்டங்களில் வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் தெரியும் கட்டமைப்புக் குறைகளையும் வேலைத்தரக் குறைகளையும் கட்டியவரே தம் செலவில் சரிசெய்து தர வேண்டும். குறையைப் படமெடுத்து, தேதியிட்டு, எழுத்தில் தெரிவிப்பது இதற்கு அவசியம்.

இந்த அத்தியாயத்தில் சொன்ன முன்தடுப்பு வேலைகளில் பெரும்பாலானவை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முடிய வேண்டியவை. செப்டம்பரில் மாடி வடிகுழாய் வாய்கள், தட்டோட்டு இடுக்கு, வடிகட்டி மணல், சேம்பர் ஆகியவற்றைச் சுத்தம் செய்ய வேண்டும்; சம்ப்பையும் மேல்நிலைத் தொட்டியையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும்; எர்த்தையும் ஆர்.சி.சி.பி.யையும் அதே மாதத்தில் சோதிக்கலாம். செய்த வேலை, தேதி, ஆள், செலவு ஆகியவற்றை ஒரே பதிவேட்டில் எழுதி, சங்க நிர்வாகிகள் மாறும்போது கைமாற்றித் தர வேண்டும். அந்தப் பதிவேடு இருக்கும் அடுக்ககத்தில் புதிய நிர்வாகி எந்தப் பழுதையும் முதலிலிருந்து தேட வேண்டியதில்லை. அது இல்லாத அடுக்ககங்கள் இந்த மாதமே ஒன்றைத் தொடங்க வேண்டும்.